கோமுகம் வரை கூட்டிப்போன யாத்திரை சர்வீஸ்

அக்னி தீர்த்தத்து மணலைப் பிரயாகையில் சேர்த்துவிட்டு, கங்கை நீர் கொண்டுவந்து ராமநாதசுவாமிக்கு அபிஷேகம் செய்ய வேண்டும் என்பது என் மாமியாரின் பல வருஷத்து ஆசை. நாங்கள் உச்சிப்புளி. ராமநாதபுரத்து யாத்திரை சர்வீஸ் ஒன்றில் ஆளுக்கு 38,000 கட்டி, போன புரட்டாசியில் போய்வந்தோம். காசிக்கும் பிரயாகைக்கும் எல்லாரும்தான் கூட்டிப்போகிறார்கள். இவர்கள் கங்கோத்ரியில் தங்கவைத்து, நடக்க முடிந்தவர்களைக் கோமுகம் வரை அழைத்துப்போகிறார்கள். பனியாறு, அதாவது மலையில் மெல்ல நகரும் பெரும் பனிக்கட்டி, முடிந்து கங்கை பிறக்கும் இடம் அது.

குறையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஹரித்வாரில் ஏற்றிய வேனில் முழங்கால் மடக்க இடமில்லை. கோமுகத்துக்கு ஒரு நாளைக்கு 150 பேருக்குத்தான் அனுமதி. அதை முன்கூட்டியே வாங்கி வைக்கவில்லை. பதினாறு பேர் கேட்டு, ஒன்பது பேருக்குத்தான் கிடைத்தது. அவ்வளவு தூரம் வந்து நின்றுபோனவர்கள் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

சாப்பாடு நன்றாக இருந்தது. சமையல்காரர் கூடவே வந்தார். அந்தக் குளிரில் மிளகு ரசம்!

போக 18 கிலோமீட்டர் நடை. கங்கோத்ரியில் தேவதாரு. 9 கிலோமீட்டரில் சீர்பாசா, அங்கே பைன். 14-இல் போஜ்பாசா, அங்கே பூர்ஜ மரம். "ஊர்ப்பேரே மரப்பேர்தான்க்கா, சீர்னா பைன், போஜ்னா பூர்ஜம்" என்றார் கூட வந்த மேனேஜர் தம்பி. உள்ளூர் வழிகாட்டி இந்தியில் சொல்வதை அவர்தான் பொறுமையாகத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். பூர்ஜப் பட்டை காகிதம் போல ஏடு ஏடாக உரிகிறது. நம் ஊரில் பனையோலையில் எழுதிய மாதிரி அங்கே இதில் எழுதியிருக்கிறார்கள். அதைத் தாண்டினால் மரமே இல்லை. உயரமும் குளிரும் ஒரு காரணம். பனியாறு விலகி அதிக காலம் ஆகாத இடத்தில் வெறும் கல்தான் கிடக்கிறது, வேர் பிடிக்க மண் இன்னும் உண்டாகவில்லை என்பது இன்னொன்று. பனியாற்றின் முனையை 1935-இல் இருந்து அளக்கிறார்கள், ஒரு கிலோமீட்டருக்கு மேல் பின்னால் போய்விட்டதாம்.

கோமுகம் வெள்ளையாக இருக்கும் என்று நினைத்துப் போனேன். சாம்பல் நிறச் சுவர் அது, தலைமேல் கல்லும் மண்ணும். வெடிப்புக்குள் மட்டும் நீலம். அடியில் இருந்து பாகீரதி (கங்கைக்கு அங்கே அதுதான் பெயர்) பால் கலந்தது போல வருகிறாள். பனி நகரும்போது பாறையோடு பாறையைத் தேய்த்து மாவாக்குகிறது, அந்த மாவு நீரில் மிதப்பதால்தான் அந்த நிறம். பனிக்கட்டி உடைந்து விழும் என்று வழிகாட்டி எங்களைத் தள்ளியே உட்காரவைத்தார். ஆனால் அவசரப்படுத்தவில்லை, முக்கால் மணி நேரம் விட்டார்.

கடலோரத்தில் ஊற்றுத் தோண்டி, கொட்டாங்கச்சியில் மொண்டு குடம் நிரப்பி வளர்ந்தவள் நான். கோடையில் மழை இல்லாதபோதும் பனி உருகியே ஓடுகிற ஆற்றைப் பார்த்தபோது வார்த்தை வரவில்லை. எங்கள் பெரிய கண்மாய்க்கு வைகை வந்தாலே அது ஊர்ப் பேச்சு.

நாங்கள் மேலே போன இரண்டு நாளும் அத்தையைச் சமையல்காரர்தான் பார்த்துக்கொண்டார். வேளைக்கு மாத்திரை, வெந்நீர் எல்லாம் கொடுத்திருக்கிறார். அந்த நன்றி எனக்கு உண்டு.

அபிஷேகத்துக்குச் செம்பு நீர் போனது. தனியாகப் பிடித்துவந்த பாட்டிலில் இப்போது நீர் தெளிந்து, அடியில் மெல்லிசாக ஒரு படிவு. விரலில் தேய்த்தால் நறநறப்பே இல்லை, திருநீறு மாதிரி. "கண்மாய் வண்டலை விட நைஸா இருக்குத்தா" என்றார் அத்தை. வண்டல் அள்ளி வயலில் போட்ட கை அது.

அடுத்த யாத்திரைக்குப் பணம் கட்டுகிறவர்கள், கோமுக அனுமதியை முதலிலேயே வாங்கித் தருவார்களா என்று கேட்டுவிட்டுக் கட்டுங்கள்.