பிரெப் மாத்திரையோடு சில வருடங்கள்: விழுங்குவது சுலபம், வீட்டில் வைத்திருப்பதுதான் பாடு

எச்ஐவி தொற்றாமல் தடுக்கும் பிரெப் மாத்திரையைச் சில வருடங்களாகத் தினமும் சாப்பிட்டு வருகிறேன். நான் ஆண்களோடு உறவு கொள்ளும் ஆண். சென்னையில் அப்பா அம்மாவோடு இருக்கிறேன். இதைத் தொடங்கலாமா என்று கேட்பவர்கள் எல்லோரும் முதலில் விசாரிப்பது பக்க விளைவைத்தான். அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆரம்ப வாரங்களில் குமட்டலும் வாயுத் தொல்லையும் இருந்தன. ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு போடத் தொடங்கியதும் அடங்கிவிட்டன. இதிலுள்ள டெனோஃபோவிர் சிலருக்குச் சிறுநீரகத்தைப் பாதிக்கலாம் என்பதால், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனையைப் பார்த்துக்கொள்கிறேன். இதுவரை சரியாகவே இருக்கிறது. மாத்திரை தந்த தொந்தரவு அவ்வளவுதான். மற்றதெல்லாம் மனிதர்கள் தந்தது.

முதலில் போன டாக்டர் சீட்டு எழுதும் முன், "கல்யாணம் ஆயிடுச்சா?" என்றார். இல்லை என்றேன். "அப்புறம் எதுக்கு இது? ஒழுங்கா இருந்தா இந்த மாத்திரையே தேவைப்படாதே" என்று சொல்லிப் பேனாவை மூடி வைத்துவிட்டார். எனக்கு இன்னும் ஆறவில்லை. ஒருவன் நோய் வரும் முன்பே தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வந்து நிற்கிறான். அந்த நேரத்தில் திருப்பி அனுப்பினால் பலர் இன்னொரு டாக்டரைத் தேடிப் போகமாட்டார்கள். அப்படியே விட்டுவிடுவார்கள். கணவனைத் தவிர யாரையும் அறியாமல், அவனிடமிருந்தே தொற்று வாங்கிய பெண்கள் இந்த மாநிலத்தில் எத்தனை பேர்! அவர்களிடம் இந்த ஒழுக்கப் பாடத்தை நடத்த முடியுமா?

இந்த நோயை நம் ஊருக்குப் புதிது என்று யாரும் சொல்ல முடியாது. இந்தியாவில் எச்ஐவி முதன்முதலாகக் கண்டறியப்பட்டதே 1986-இல் இதே சென்னையில், டாக்டர் சுனிதி சாலமனும் அவரிடம் படித்த நிர்மலாவும் செய்த ஆய்வில்தான். பிறகு எய்ட்ஸ் விழிப்புணர்வு விளம்பரத்தில் வந்த 'புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' என்ற கேள்வி ஊர் முழுக்கப் பேச்சானது. அந்த விளம்பரம் பேசவே கூசிய விஷயத்தைப் பேச வைத்தது, அதை மறுக்கமாட்டேன். ஆனால் எய்ட்ஸ் என்றாலே 'அந்த மாதிரி ஆளுக்கு' வருவது என்ற எண்ணம் மட்டும் ஜனங்கள் மனதிலிருந்து போகவில்லை. மருந்துக்கடையில் சீட்டை நீட்டும்போது கடைக்காரர் நிமிர்ந்து பார்க்கிற பார்வையில் இன்றும் அது தெரிகிறது.

வீட்டுக்கு வருகிறேன். பாட்டிலில் முப்பது மாத்திரை, கூடவே ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலம். எடுத்தால் கடகடவென்று சத்தம் கேட்கும். மருந்தில் ஈரம் படக்கூடாது என்பதால் வேறு டப்பாவுக்கு மாற்றுவதும் நல்லதல்ல. எங்கள் வீட்டில் பீரோ பொது, அலமாரி பொது. என் அக்கா நர்ஸ். ஊரிலிருந்து வந்திருந்தபோது என் துணிகளுக்கு அடியில் பாட்டிலைப் பார்த்துவிட்டாள். லேபிளைப் படித்ததுமே முகம் வெளுத்துவிட்டது. "டேய், இது ஏஆர்டி மருந்துடா. உனக்கு என்ன ஆச்சு?" என்றாள். ஏஆர்டி என்பது எச்ஐவி வந்தவர்களுக்குக் கொடுக்கும் சிகிச்சை. அவளைக் குறை சொல்ல முடியாது. என் மாத்திரையிலுள்ள டெனோஃபோவிர், எம்ட்ரிசிடாபின் இரண்டும் பாசிட்டிவ் ஆனவர்களுக்கு மூன்றாவது மருந்தோடு சேர்த்துக் கொடுக்கப்படுபவைதான். வராமல் இருக்கத்தான் சாப்பிடுகிறேன் என்று விளக்கினேன். "அப்போ உனக்கு ஒண்ணும் இல்லையே? சத்தியமா?" என்று மறுபடி மறுபடி கேட்டாள். எதற்காக எனக்கு இது தேவைப்படுகிறது என்று அன்று கேட்கவில்லை. சில மாதம் கழித்துக் கேட்டாள், சொன்னேன். இப்போது போனில், "கிரியேட்டினின் எப்போ பாத்தே?" என்று விரட்டுவதே அவள்தான்.

எல்லோருக்கும் இப்படி ஒரு அக்கா அமைவதில்லை. என் நண்பன் ஒருவன் வீட்டுக்குப் பயந்து பாட்டிலை ஆபீஸ் மேஜையில் வைத்துப் பூட்டுகிறான். சனி, ஞாயிறு மாத்திரை கிடையாது. அவனுக்குப் பாதுகாப்பு வேண்டியதே அந்த இரண்டு நாட்களில்தான். இதே மாத்திரையைச் சோதித்து 2010-இல் வெளியான ஐப்ரெக்ஸ் ஆய்வில் மொத்தமாகப் பார்த்தால் தொற்று 44 சதவீதம்தான் குறைந்தது. ரத்தத்தில் மருந்து இருந்தவர்களை மட்டும் கணக்கெடுத்தபோது அது 92 சதவீதம். விழுங்கினால் காப்பாற்றும் மருந்து இது. விழுங்க முடியாமல் போவதைச் சோம்பேறித்தனம் என்று சொல்பவர்கள் பூட்டில்லாத அலமாரி உள்ள வீட்டில் இருந்து பார்க்க வேண்டும்.

காசும் ஒரு தடைதான். தொற்று வந்துவிட்டால் அரசு ஏஆர்டி மையத்தில் மருந்து இலவசம். வராமல் இருக்க நான் மாதாமாதம் கைக்காசு போட்டு வாங்குகிறேன். உலகத்துக்கே இந்த மருந்தின் ஜெனரிக்கை, அதாவது மலிவு விலை நகலை, நம் நாட்டுக் கம்பெனிகள் செய்து அனுப்பும்போது இது நியாயமாகவே படவில்லை. எச்ஐவி பரிசோதனை மட்டும் அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் இலவசம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போகிறேன். அங்கே இருக்கும் ஆலோசகர் கல்யாணக் கதை எதுவும் கேட்பதில்லை.

இந்த மாத்திரைக்குப் பதிலாக, எச்ஐவியைத் தடுக்க ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் லெனகாபவிர் ஊசிக்காகக் காத்திருக்கிறேன். தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் பெண்களிடம் நடந்த ஆய்வில் ஊசி போட்டுக்கொண்ட ஒருவருக்குக்கூடத் தொற்று வரவில்லை என்று 2024-இல் அறிவித்தார்கள். 2025 ஜூனில் அமெரிக்கா அனுமதித்தது, ஜூலையில் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. வருடத்துக்கு 40 டாலர் விலையில் ஜெனரிக் 2027 முதல் வரும் என்கிறார்கள். அது வந்தால் என் நண்பனுக்குப் பூட்டு தேவைப்படாது. ஆனால் ஊசி போடவும் ஒரு டாக்டர் வேண்டுமே, அந்தக் கல்யாணக் கேள்வி அங்கேயும் காத்திருக்கும்.

தொடங்க நினைப்பவர்கள் எச்ஐவி, ஹெபடைட்டிஸ் பி, கிரியேட்டினின் மூன்றும் பார்க்காமல் தொடங்காதீர்கள். ஹெபடைட்டிஸ் பி என்ற கல்லீரல் தொற்று இருந்தால், மாத்திரையைத் திடீரென்று நிறுத்தும்போது கல்லீரல் மோசமாகக்கூடும். சிபிலிஸ் போன்ற மற்ற பால்வினை நோய்களை இந்த மாத்திரை தடுக்காது, அதற்கு ஆணுறைதான். ஏற்கெனவே ஆபத்தான உறவு நடந்து 72 மணி நேரம் தாண்டவில்லை என்றால் உங்களுக்கு வேண்டியது பிரெப் அல்ல, உறவுக்குப் பிறகு தொற்றைத் தடுக்க 28 நாள் சாப்பிடும் பெப். அதற்கு இன்றைக்கே டாக்டரிடம் போங்கள். நேரில் கேட்கத் தயக்கமாக இருந்தால் அரசின் எய்ட்ஸ் உதவி எண் 1097-க்குப் போன் செய்யலாம், கட்டணம் இல்லை.