மாடிப் போர்ஷன்: குடும்பமா, மாணவர்களா, நாள் வாடகையா?

கும்பகோணத்தைச் சுற்றி வீடு வைத்திருக்கும் யாரிடம் பேசினாலும் பேச்சு கடைசியில் மாடியில் வந்து நிற்கிறது. பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறார்கள், கீழே இரண்டு பேர், மேலே பூட்டு. 2028-இல் மகாமகம் வேறு வருகிறது. 2016 மகாமகத்தின் கூட்டத்தைக் கண்ணால் பார்த்தவர்கள் இப்போதே மாடியில் அறைக்கு ஒரு பாத்ரூம் தடுக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

எங்கள் மாடியைக் குடும்பத்துக்கு விட்டிருக்கிறோம். எதிர் வீட்டு அண்ணன் கல்லூரிப் பையன்களுக்கு விட்டிருக்கிறார். என் பெரியப்பா மகன் மகாமகக் குளத்துக்குப் பக்கத்துத் தெருவில், கோயிலுக்கு வருகிறவர்களுக்கு நாள் வாடகைக்கு விடுகிறான். முதல் இரண்டும் தினமும் கண்ணில் படுகிறவை. மூன்றாவதைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அவன் சொன்னதும், அங்கே தங்கியபோது பார்த்ததும்தான். அந்தப் பகுதியை அந்த அளவுக்கே எடுத்துக்கொள்ளுங்கள். போக்கியத்தை, அதாவது மொத்தமாக ஒரு தொகை வாங்கிக்கொண்டு மாத வாடகை இல்லாமல் விடுவதை, நான் கணக்கில் சேர்க்கவில்லை. வாங்கிய தொகையைத் திருப்பித் தரவேண்டிய நாளில் அது கையில் இருக்கும் என்ற தைரியம் எங்கள் வீட்டில் யாருக்கும் கிடையாது.

பணக் கணக்கைச் சீக்கிரம் முடித்துவிடலாம். இரண்டு படுக்கையறை, ஹால், சமையலறை உள்ள எங்கள் மாடிக்குக் குடும்பம் 8,000 ரூபாய் தருகிறது. அதே அளவு மாடியில் அண்ணன் எட்டுப் பையன்களை வைத்து ஆளுக்கு 2,000 வாங்குகிறார். சரியாக இரண்டு மடங்கு. மே மாதம் பாதிப் பேர் ஊருக்குப் போய்விடுவார்கள், அப்போது வாடகையில் பேரம் நடக்கும். அதைக் கழித்தாலும் அவருக்குத்தான் லாபம். நாள் வாடகை ஏறி இறங்கும். சனி ஞாயிறு, முகூர்த்த நாள், ஆலங்குடியில் குருப்பெயர்ச்சி, திருநாகேஸ்வரத்தில் ராகுப்பெயர்ச்சி என்றால் அறை நிரம்பிவிடும். நடுவில் செவ்வாய் புதனில் ஈ ஓட்ட வேண்டியதுதான். விரிப்பு வெளுக்க, கழிவறை கழுவ, இரவு பதினொரு மணிக்குச் சாவி கொடுக்க ஆள் வேண்டும். அந்த ஆள் பெரும்பாலும் வீட்டுப் பெண்தான், அதற்குச் சம்பளம் யாரும் கணக்கிடுவதில்லை.

அடுத்தது காகிதம். குடும்பத்துக்கு விடுவதில் இது எளிது. 2017-இல் இயற்றிய வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. 1960-ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் அதோடு போய்விட்டது. ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு வாடகை ஆணையத்தில் பதிவு செய்துவிட்டால் ‘குடிவந்தவன் காலி செய்யமாட்டான்’ என்ற பழைய பயம் பாதி குறைகிறது. வெள்ளையடிப்பதும் வயரிங்கும் வீட்டுக்காரர் பொறுப்பு, குழாய் வாஷரும் சாக்கடை அடைப்பும் குடியிருப்பவர் பொறுப்பு என்று சட்டத்தின் அட்டவணையிலேயே இருக்கிறது. வருமான வரியிலும் வீட்டு வாடகைக்கு 30 சதவீதம் கழிவு உண்டு.

பையன்கள் என்றால் பெரிய சிக்கல் இல்லை. பெண் பிள்ளைகளைத் தங்க வைத்தால் கதை வேறு: 2014-ஆம் ஆண்டுச் சட்டப்படி மகளிர் விடுதிக்கு ஆட்சியரிடம் உரிமம் வாங்க வேண்டும். ‘நாலு பொண்ணுங்கதானே, விடுதியா வைக்கிறோம்’ என்று சொல்பவர்கள் முதலில் அதை விசாரித்துக்கொள்வது நல்லது. நாள் வாடகைக்குச் சுற்றுலாத் துறையின் பதிவு இருக்கிறது. மத்திய அரசின் திட்டத்தில் வீட்டுக்காரர் அதே வீட்டில் குடியிருக்க வேண்டும், அதிகபட்சம் ஆறு அறை. வெளிநாட்டுக்காரர் ஒருவர் தங்கினாலும் 24 மணி நேரத்துக்குள் அவர் விவரத்தை அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். சொத்து வரியும் மின்கட்டணமும் வீடு என்ற கணக்கில் போகுமா, வணிகம் என்ற கணக்கில் போகுமா என்பதை அறையைத் திறப்பதற்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிவிட வேண்டும். வணிகம் என்றால் இரண்டுமே கூடுதல்.

மின்சாரத்தில் இன்னொன்று. மாடிக்குத் தனி மீட்டர் இல்லாமல் எதற்கு விட்டாலும் தகராறு நிச்சயம். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டணப் படியே மாறிவிடும். கீழ் வீட்டையும் மாடியையும் ஒரே மீட்டரில் ஓட்டினால் இரண்டு பேரும் சேர்ந்து அந்தக் கோட்டைத் தாண்டுவார்கள், பிறகு யார் ஏசியால் தாண்டியது என்று மாடிப்படியில் பஞ்சாயத்து நடக்கும்.

ஆனால் என்னை முடிவெடுக்க வைத்தது இவை எதுவுமில்லை. வீட்டுக்குப் பின்னால், துணி துவைக்கும் கல்லுக்கு அடியில் இருக்கும் தொட்டிதான்.

எங்கள் தெருவில் பாதாளச் சாக்கடை கிடையாது. முப்பதுக்கு நாற்பது மனை. அதில் வீடு போக மிஞ்சிய சந்தில் செப்டிக் டேங்க், அதை ஒட்டி உறை இறக்கிய உறிஞ்சுகுழி. இங்கே மண் வண்டல் களி. நெல்லுக்கு அதுதான் வரம். வயலில் தண்ணீர் நிற்க வேண்டுமே. உறிஞ்சுகுழிக்கு அதுவே சாபம், ஏனென்றால் தண்ணீர் இறங்க வேண்டும், இறங்காது. கோடையில் ஒருவாறு தாக்குப்பிடிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் நிலத்தடி நீரே மேலே வந்துவிடும். அந்த மாதங்களில் குழியின் மூடியை ஒருமுறை தூக்கிப் பாருங்கள். தரைமட்டத்துக்கு ஒரு சாண் கீழே கறுப்பாகத் தண்ணீர் தளும்பிக்கொண்டிருக்கும், தொட்டியிலிருந்து வரும் குழாயின் வாய் அதில் மூழ்கியிருக்கும். வெளியே போக வழி இல்லாத தண்ணீர் கழிவறைக்குத்தான் திரும்பும். முதல் அடையாளம், பீங்கானில் ஊற்றிய தண்ணீர் சுழன்று சுழன்று நிற்பது. இரண்டாவது அடையாளத்தை எழுத விருப்பமில்லை.

கழிவுநீர் லாரியைக் கூப்பிடலாமே என்பார்கள். மழைக்காலத்தில் அது பயனில்லாத செலவு. உறைகளின் இடுக்கு வழியாக வெளித் தண்ணீர் உள்ளே கசியும், உறிஞ்சி எடுத்த சில நாட்களில் குழி மறுபடி நிரம்பிவிடும். காற்றடைத்த மாதிரி இலேசான பிளாஸ்டிக் தொட்டி என்றால் காலி செய்ததும் மண்ணைவிட்டு மேலே எழும்பவும் கூடும்.

ஆகவே கேள்வி வாடகை எவ்வளவு என்பதல்ல, தினமும் எத்தனை வாளி உள்ளே போகிறது என்பது. பாதாளச் சாக்கடை உள்ள நகரங்களுக்குத் தண்ணீர்த் திட்டம் போடும்போது ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்று கணக்கிடுவார்கள். அதையே வைத்துக்கொண்டால் நான்கு பேர் குடும்பம் 540 லிட்டர், எட்டுப் பையன்கள் 1,080. குடும்பம் பகல் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழிக்கும். பையன்கள் எட்டுப் பேரும் கல்லூரிப் பேருந்துக்கு முன்னால் ஒரு மணி நேரத்தில் குளித்து முடிப்பார்கள். அவ்வளவு தண்ணீரும் ஒரே மூச்சில் தொட்டிக்குள் பாய்ந்தால் அடியில் தங்க வேண்டிய கசடு கலங்கி உறிஞ்சுகுழிக்குப் போய்விடும், அங்கே மண்ணின் கண்ணை அடைக்கும். அதன் பிறகு கோடையிலும் தண்ணீர் இறங்காது. செப்டிக் டேங்கின் இந்திய நிர்ணயத்தில் ஐந்து பேருக்கு ஒன்றரை மீட்டர் நீளம், முக்கால் மீட்டர் அகலம், ஒரு மீட்டர் தண்ணீர் ஆழம் என்பதுதான் அளவு. எங்களது ஏறக்குறைய இரண்டு குடும்பத்துக்குப் போதும். அதற்குமேல் ஆள் வைத்தால் மாதம் 8,000 கூடுதலாக வரும் என்பது உண்மை. தொட்டியைப் பெரிதாக்க அதே சந்தில் இடம் எங்கே?

அந்தச் சந்துக்கு அடுத்த மூலையில்தான் எங்கள் அடிபம்பும் இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நாள் வாடகையில் தொட்டி எப்படி நடந்துகொள்ளும் என்பதை என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. பெரியப்பா மகன் தெருவில் பாதாளச் சாக்கடை இணைப்பு இருக்கிறது, அதனால் அவன் அனுபவம் எங்களுக்கு அளவுகோல் ஆகாது. அவன் புலம்பல் எல்லாம் வேறு: கழிவறையின் வளைவுக் குழாயில் சிக்கும் ஷாம்பு உறை, குழந்தை நாப்கின். வந்தவர்கள் மறுநாள் கிளம்பிவிடுவார்கள், அடைப்பு மட்டும் தங்கிவிடும். தொட்டி உள்ள வீட்டில் இது இன்னும் மோசமாகத்தான் இருக்கும் என்று ஊகிக்கிறேன்.

எங்கள் பகுதி சபைக் கூட்டத்தில் இந்த விஷயம் சூடாகவே வந்தது. ஓய்வுபெற்ற ஒருவர் எழுந்து, “ஒரு மாடிக்கு எட்டுப் பேர்னா ரோட்டுச் சாக்கடை தாங்குமா? வெளியாளுக்கு விடுறதையே நிறுத்தணும்” என்றார். அண்ணன் விடவில்லை. “சார், உங்க அப்பா காலத்துல உங்க வீட்டுலயே பதினோரு பேர் இருந்தீங்க. அப்ப யாரும் தலையை எண்ணலையே?”

அண்ணன் கேட்டது நியாயம்தான். ஆனால் அந்தப் பதினோரு பேர் இருந்த வீட்டுக்குப் பின்னால் நீளமான கொல்லை இருந்தது. குளித்த தண்ணீர் வாழைக்கும் சேம்புக்கும் போனது. கிணற்றில் இறைத்த தண்ணீர் என்பதால் வாளிக்கு மேல் யாரும் ஊற்றிக்கொள்ளவும் இல்லை. கொல்லைகளை மனையாகப் பிரித்து விற்றுவிட்டோம், மோட்டார் வைத்துவிட்டோம். இன்றைக்கு நிரம்பிய தொட்டிக்கு எங்கள் தெருவில் சில வீடுகள் கண்டுபிடித்திருக்கும் வழி, மழைநீர் வடிகாலுக்கு ஒரு குழாயைச் சத்தமில்லாமல் போட்டுவிடுவது. வடிகால் வாய்க்காலில் விழுகிறது, வாய்க்கால் வயலுக்குப் போகிறது. அதைச் செய்தவர்களில் வாடகைக்கு விடாதவர்களும் உண்டு என்பதால் கூட்டத்தில் அந்தப் பேச்சு வந்ததும் கொஞ்ச நேரம் எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள்.

என் கட்சி இதுதான்: யாருக்கு விடலாம் என்று உள்ளாட்சி தீர்மானிக்க வேண்டியதில்லை. இந்தத் தொட்டிக்கு எத்தனை பேர் என்று மட்டும் கேட்கட்டும். கனடாவில் இருக்கும் என் நாத்தனார், அங்கே பேஸ்மென்ட்டை வாடகைக்கு விடுவது பற்றி ஊருக்கு ஊர் நடக்கும் சண்டையைச் சொல்வார். தமிழர்கள் நிறைய இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில், 2022-இல் வந்த சட்டம் நகரத்துக் குடியிருப்பு மனை ஒன்றில் மூன்று குடித்தனம் வரை அனுமதிக்கிறது. எந்த மனையில் என்பதுதான் கவனிக்க வேண்டியது: நகராட்சியின் குடிநீரும் கழிவுநீர் இணைப்பும் இருக்கிற மனையில். வாகனம் நிறுத்த இடம், அவசரத்தில் வெளியேற ஜன்னல் என்று மற்றச் சண்டைகளும் அங்கே உண்டு. ஆனால் குழாய் இருக்கிறதா என்பது முதலில் வருகிறது. (நம்மூரில் பேஸ்மென்ட் வேண்டாம். ஐப்பசியில் மண்வெட்டி போட்டால் நீச்சல் குளம்தான் கிடைக்கும்.)

பையன்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். என் மாமியார் படியில் தடுமாறிய அன்று முதலில் ஓடி வந்தது அந்த மாடியிலிருந்துதான். சத்தம், பைக், பனியன் காயப்போடுவது எல்லாம் பேசித் தீர்க்கக் கூடியவை. குடும்பத்துக்கு விடுவதிலும் தொல்லை உண்டு. வாடகை மூன்று வருடமாக ஏறவில்லை. ஏற்றச் சொல்லிக் கேட்க என் கணவருக்குக் கூச்சம், அவர்கள் பெண்ணுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்வு என்று ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம்.

உங்கள் தெருவில் பாதாளச் சாக்கடை இணைப்பு வந்து, அது வேலையும் செய்கிறது என்றால் நான் இதுவரை சொன்னதில் பெரும்பகுதி உங்களுக்குப் பொருந்தாது. கல்லூரிக்குப் பக்கம் என்றால் மாணவர்களுக்கே விடுங்கள், மகளிர் என்றால் உரிமத்தோடு. கோயிலுக்கு நடக்கிற தூரம், வீட்டில் சலிக்காமல் வேலை பார்க்க ஆளும் உண்டு என்றால் நாள் வாடகையை முயன்று பார்க்கலாம். தொட்டி என்றால் குடும்பம். ஒப்பந்தத்தில் எத்தனை பேர் நிரந்தரமாகத் தங்கலாம் என்பதை எண்ணிக்கையோடு எழுதிவிடுங்கள். நாங்கள் ஐந்து என்று எழுதியிருக்கிறோம். கழிவுநீர் லாரியை ஆனி, ஆடியிலேயே வரச் சொல்லுங்கள். ஐப்பசி அடைமழையில் ஊரே அந்த லாரியைத்தான் தேடும்.