மண்டல விதி எதற்காக? நெல்லைக்குப் பொருந்தும் வழி எது?

ஊருக்குள் எந்த நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்று வரையறுக்கும் அதிகாரத்தைத் தமிழ்நாட்டில் 1971ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டம் தருகிறது. அதன்படி வரும் முழுமைத் திட்டம், நிலத்தைக் குடியிருப்பு, வணிகம், தொழில், விவசாயம் எனப் பிரிக்கிறது. மண்டல விதி எனப்படும் இந்தப் பிரிவினை எவ்வளவு கறாராக இருக்க வேண்டும் என்பதில் இரண்டு வழிகள் உண்டு. திருநெல்வேலியை முன்னிறுத்தி இரண்டையும் உரசிப் பார்க்கலாம்.

முதலாவது, ஒவ்வொரு பயன்பாட்டையும் தனித்தனியே நிறுத்தும் வழி. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1926இல் யூக்ளிட் என்ற ஊரின் வழக்கில் இதைச் செல்லும் என்று ஏற்றது. புகையும் இரைச்சலும் வீட்டு வாசலுக்கு வரக் கூடாது என்பது நியாயமான நோக்கம். ஆலைகளைக் கங்கைகொண்டான் சிப்காட் வளாகத்தில் வைத்தது சரியே. ஆனால் இதே அளவுகோலை நெல்லையப்பர் கோயிலைச் சுற்றிய ரத வீதிகளுக்கோ, வீட்டுத் திண்ணையிலேயே பீடி சுற்றிப் பிழைக்கும் மேலப்பாளையத்துக்கோ கொண்டுவந்தால், பிழைப்பே விதிமீறல் ஆகிவிடும்.

இரண்டாவது, கலப்புப் பயன்பாடு. ஜப்பானில் நகர நிலத்துக்கான 13 மண்டலங்களில் ஒவ்வொன்றிலும் எந்த அளவு தொந்தரவு வரை பொறுக்கலாம் என்பதே முதன்மை வரம்பு; அதற்குக் குறைவான பயன்பாடுகள் பெரும்பாலும் தடையின்றி அமையலாம். கீழே கடை, மேலே வீடு என்ற நம் தெருவுக்கு இதுவே பொருந்தும். இரைச்சலையும் கழிவுநீரையும் அளந்து நடவடிக்கை எடுக்க ஆள் இல்லையென்றால் மட்டும் இது ஏட்டளவில் நின்றுவிடும்.

ஆயினும் இரண்டு வழிகளும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு: தண்ணீர் எந்த வழியாகப் போகும்? தாமிரபரணியிலிருந்து கோடகன் கால்வாயும் பாளையங்கால்வாயும் திருநெல்வேலிக் கால்வாயும் குளங்களை நிரப்புகின்றன; ஒரு குளத்தின் மறுகால், அதாவது நிரம்பி வழியும் நீர், அடுத்த குளத்துக்கு வரத்து. நஞ்சை நிலம் நில உபயோக மாற்றம் (விவசாய வகையிலிருந்து வேறு வகைக்கு மாற்றும் அனுமதி) பெற்று மனைப்பிரிவாகும்போது அந்த ஒரு சர்வே எண் மட்டும் பார்க்கப்பட்டு, அதன் ஓரத்து ஓடை எங்கே போய்ச் சேர்கிறது என்பது பார்க்கப்படாமல் போனால், தண்ணீர் தன் பழைய தடத்தைத் தேடி வீட்டுக்குள் வருவது தவிர்க்க முடியாதது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளின் பெருமழையில் சந்திப்புப் பேருந்து நிலையமும் வண்ணாரப்பேட்டையும் கொக்கிரகுளமும் நின்ற நிலையை இங்குள்ள யாரும் மறக்கவில்லை. ஆற்று வெள்ளம் அதற்குப் பெருங்காரணம் என்றாலும், ஊருக்குள் பெய்த நீர் வடிய வழியில்லாததும் சேர்ந்தே வதைத்தது.

ஆகவே கலப்பு வழியையே நான் தேர்ந்தெடுப்பேன். ஆனால் கால்வாய், குளம், மறுகால் ஓடை ஆகியவற்றை வரைபடத்தில் முதலில் குறித்துவிட்டு, எஞ்சிய நிலத்துக்கு மட்டுமே அதைப் பொருத்த வேண்டும். விதியின் எல்லையும் மாநகராட்சி எல்லையோடு நின்றுவிடக் கூடாது. கோடகன் கால்வாய் அரியநாயகிபுரம் அணையிலும், பாளையங்கால்வாய் பழவூர் அணையிலும், திருநெல்வேலிக் கால்வாய் சுத்தமல்லி அணையிலும் பிரிகின்றன. தலைமடை முதல் கடைசிக் குளம் வரை ஒரே திட்டத்துக்குள் வர வேண்டும்.

இது புதிய கருத்தன்று. 2016 அக்டோபர் 20க்கு முன் உருவான அங்கீகாரமற்ற மனைகளை வரன்முறைப்படுத்த 2017இல் வந்த விதிகளே, நீர்நிலையில் அமைந்த மனைகளை ஏற்பதில்லை. ஆனால் அந்தத் தடை, மனையை விற்றவர் போய்விட்ட பிறகு, நகையை அடகு வைத்து வாங்கியவர் தலையில்தான் விழுகிறது. அதே தடை நில உபயோக மாற்றம் கோரும் நாளிலேயே குறுக்கே நிற்க வேண்டும்.