ஐயோனிக் 5, இவி6: வெளியே சிறியதுதான் உள்ளே பெரியது

ஹூண்டாய் ஐயோனிக் 5, கியா இவி6 இரண்டும் மின்சாரக் கார்களுக்கான இ-ஜிஎம்பி என்ற ஒரே அடித்தளத்தில் உருவானவை. நீளத்தில் இவி6தான் சில சென்டிமீட்டர் கூடுதல். ஆனால் முன், பின் சக்கர அச்சுகளுக்கு இடையிலான தூரம் அதில் 2,900 மி.மீ.; ஐயோனிக்கில் முழுதாக 3,000. நாம் உட்காரும் இடம் அந்த நடுப்பகுதியில்தானே இருக்கிறது! உயரமும் ஐயோனிக்குக்குச் சுமார் 5 செ.மீ. அதிகம். பின்னிருக்கையில் தாராளமாகக் கால் நீட்டலாம். இவி6-இன் சரிந்த கூரை பார்க்க அழகு, சரி. ஆனால் நெட்டையானவர்களைப் பின்னால் உட்காரவைக்க எனக்கு மனம் வராது.

இரண்டிலும் தரை சமதளம் என்பதால் நடுவில் அமர்பவருக்குக் கால் இடிக்காது. ஆனால் பேட்டரி அடியில் இருப்பதால் தரை சற்று மேலேறி, முழங்கால் கொஞ்சம் தூக்கியே நிற்கும். டிக்கியும் ஐயோனிக்கில்தான் பெரிது.