மியூட்டா, பிளாக்கா, நீக்கமா? குழுவில் வம்பு வளர்ப்பவரை என்ன செய்வது

பினாங்கில் தைப்பூசம் நெருங்கினால் தண்ணீர்ப் பந்தல் குழுக்களின் புலனம் (வாட்ஸ்அப்) சூடாகிவிடும். வெள்ளி ரதத்தோடு தங்க ரதமும் 2017இல் ஓடத் தொடங்கியதிலிருந்து, சண்டைக்குப் பொருள் தேட வேண்டியதே இல்லை. நள்ளிரவில் ஒருவர் குத்தலாக ஒரு வரி தட்டிவிட்டுத் தூங்கப் போய்விடுவார். விடிவதற்குள் பதிலுக்குப் பதில். ஐஸ்கட்டி யார் பொறுப்பு என்று கேட்டவரின் கேள்வி அதற்கடியில் புதைந்து கிடக்கும்.

பலர் முதலில் போவது மியூட்டுக்கு. எட்டு மணி நேரம், ஒரு வாரம், எப்போதும் என்று மூன்று தேர்வு. மனசுக்கு நிம்மதிதான், ஆனால் அடங்குவது அந்த ஆள் அல்ல, மொத்தக் குழுவும்.

பிளாக் செய்தால் ஒழிந்தார் என்று நினைக்கிறோம். தனிச் செய்தியும் அழைப்பும்தான் நின்றுபோகும். இருவரும் இருக்கும் குழுவில் அவர் எழுதுவது கண்ணில் பட்டுக்கொண்டேதான் இருக்கும். முகநூல் இதில் மேல்: ஒருவரின் பதிவுகளை 30 நாளுக்கு ஒதுக்கிவைக்கலாம், அவருக்குத் தெரியவும் தெரியாது. சொந்தக்காரர் என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

'அட்மின் மட்டும் பேசலாம்' என்று பூட்டுவது எனக்குப் பிடிக்காத வழி. ஒருவர் வாயை அடைக்க எல்லார் வாயையும் கட்டுகிறோம். காய் நறுக்க வருகிறேன் என்று சொல்ல நினைக்கும் அக்காவுக்கும் வழியில்லை.

அட்மின் அந்தச் செய்தியை எல்லாருக்குமே அழிப்பதுதான் சரி. 2022 முதல் புலனத்தில் இந்த வசதி இருக்கிறது. மலேசியாவில் இது வெறும் நாகரிகப் பிரச்சினையும் இல்லை. 1950ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 114ஏ பிரிவு, மறுத்து நிரூபிக்காதவரை, வெளியீட்டுக்கு வழிசெய்த நிர்வாகியையும் வெளியிட்டவராகவே கொள்கிறது. வாசகர்கள் எழுதிய கருத்துகளுக்காக 2021 பிப்ரவரியில் மலேசியாகினி செய்தித் தளத்துக்குக் கூட்டரசு நீதிமன்றம் 500,000 ரிங்கிட் அபராதம் விதித்தது. அட்மின் பதவி சும்மா கிடைத்த கௌரவம் அல்ல.

ஆனால் அதே அதிகாரம்தான் என்னைப் பயமுறுத்துகிறது. "போன வருஷ நன்கொடைக் கணக்கு எங்கே அண்ணே?" என்று கேட்பவரும் சிலருக்குக் குழப்பவாதியாகத் தெரிவார். அவரை நீக்கினால் குழு அமைதியாகும், கணக்கு மட்டும் வராது. சாதியையும் வீட்டுப் பெண்களையும் இழுத்துப் பேசுகிறவர் வேறு, சங்கடமான கேள்வி கேட்கிறவர் வேறு. முதலாமவரின் செய்தியை அழியுங்கள், போன் போட்டுப் பேசுங்கள், திருந்தாவிட்டால் காரணத்தைக் குழுவிலேயே எழுதிவிட்டு நீக்குங்கள். இரண்டாமவருக்குக் கணக்கைக் காட்டுங்கள்.