நான்கு முறை போனேன், இரண்டு முறை ஓடியது

தேவகோட்டையிலிருந்து மைத்துனர் நேற்று இரவு அழைத்தார். "அத்தான், அந்த ரோலர் கோஸ்டருக்கு டிக்கெட் விலையைக் குறைத்திருக்கிறார்களாம். முழுப் பரீட்சை முடிந்ததும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகலாமா? நீங்கள்தான் மாதம் தவறாமல் போகிறீர்களே" என்றார். மாதம் தவறாமல் என்பது அவருடைய கேலி. பத்து மாதத்தில் நான்கு முறை போயிருக்கிறேன். "யோசித்துச் சொல்கிறேன்" என்று போனை வைத்துவிட்டேன். போகலாம், போக வேண்டாம் என்று ஒரு சொல்லில் முடிகிற விஷயமாக அது எனக்கு இல்லை.

பூங்காவின் பெயர் வேண்டாம். காரைக்குடியில் இரவுச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு பஸ் ஏறினால் விடியும்போது அந்த ஊரில் இறங்கலாம். எவ்வளவு உயரம், எவ்வளவு வேகம், எத்தனை வளைவு என்பதெல்லாம் விளம்பரத்திலேயே இருக்கிறது. அதைப் பார்த்துத்தானே எல்லாரும் ஆசைப்படுகிறோம். விளம்பரத்தில் இல்லாத ஒன்று உண்டு. அது "சற்று நேரத்தில்" என்ற சொல். இந்த வண்டியின் எந்த வளைவும் என்னை இந்தச் சொல் அளவுக்குத் தலை சுற்ற வைத்ததில்லை.

முதல் முறை போனது சென்ற மே மாதம், பேரனுக்குக் கோடை விடுமுறை விட்டிருந்தபோது. வெளிச் சாப்பாடு உள்ளே கூடாது என்று தேன்குழல் டப்பாவையும் மாவுருண்டையையும் வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். என் மனைவி அந்த மாவுருண்டைக்காக ஒரு வாரம் புலம்பினாள். ரோலர் கோஸ்டர் வரிசையின் தொடக்கத்தில் உயரம் பார்க்கும் கம்பம் ஒன்று நிற்கிறது. 140 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். பேரன் 138. குதிகாலை மெல்ல உயர்த்திப் பார்த்தான். அங்கே நின்ற பெண் சிரித்துக்கொண்டே அவன் தோளை அழுத்தினாள். "ஐயா, நீங்கள் மட்டும் போய்விட்டு வாருங்கள். எப்படி இருந்தது என்று சொல்லுங்கள்" என்றான், பெரிய மனிதன் போல.

அந்த முதல் ஓட்டத்தைக் குறை சொன்னால் என் வாய் அழுகிப்போகும். கடைசி வரிசையில் இடம் கிடைத்தது. மடியின் மேல் கம்பி வந்து இறுகியது. வண்டி நகர்ந்து மேட்டின் அடியில் சங்கிலியைப் பிடித்ததும் கீழிருந்து ஒரு சத்தம் கிளம்பியது. டக், டக், டக். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. செக்காலையில் முப்பது ஆண்டுகளாக மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருப்பவன் நான். போர் போட்ட கிணற்றுக்குள்ளிருந்து மோட்டாரைத் தூக்கும் செயின் பிளாக்கில் அன்றாடம் கேட்கும் சத்தம் அது. பல்லில் கொக்கி விழுகிற சத்தம். அது கேட்கிற வரையில் சங்கிலியே அறுந்தாலும் வண்டி பின்னால் வராது. பக்கத்தில் இருந்தவர் முருகனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் டக் டக்கை எண்ணிக்கொண்டிருந்தேன்.

உச்சியில் முன்வரிசைக்காரர்களுக்கு ஒரு கணம் தயக்கம் கிடைக்கும். கடைசி வரிசைக்கு அது கிடையாது. முன்னால் இறங்கிவிட்ட பெட்டிகள் நம்மையும் பிடுங்கி இழுத்துக்கொண்டு போய்விடுகின்றன. இருக்கையிலிருந்து உடம்பு எழும்பியது. அறுபத்தொரு வயதில், பேரன் கீழே நின்று பார்த்துக்கொண்டிருக்கிறான் என்ற நினைப்பே இல்லாமல் கத்தினேன். ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலான நேரம்தான். இறங்கியதும் குனிந்து சக்கரங்களைப் பார்த்தேன். தண்டவாளத்தின் மேல் ஒன்று, பக்கத்தில் ஒன்று, அடியில் ஒன்று. ஜான் மில்லர் என்ற அமெரிக்கர் 1919-இல் காப்புரிமை வாங்கிய அந்த அடிச்சக்கரம் இல்லையென்றால் இப்படித் தூக்கியெறிகிற மேடுகளைக் கட்டியிருக்கவே முடியாது.

இதைவிட எனக்குப் பிடித்தது பிரேக். கடைசி நேர் பாதையில் தண்டவாளத்துக்கு நடுவே காந்தங்கள் வரிசையாக நிற்கின்றன. பெட்டியின் அடியில் உள்ள உலோகத் தகடு அவற்றுக்கு இடையே புகும்போது தகட்டுக்குள் சுழல் மின்னோட்டம் பிறந்து, அதுவே வண்டியைப் பிடித்து நிறுத்துகிறது. கரண்ட் போனாலும் அந்தப் பிரேக் பிடிக்கும். என் பட்டறையில் அந்தச் சுழல் மின்னோட்டம் எனக்குப் பகையாளி. அது மோட்டாரைச் சூடாக்கித் தின்றுவிடக் கூடாது என்றுதான் உள்ளிரும்பைத் தகடு தகடாக அடுக்குகிறார்கள். இங்கே அதையே சம்பளம் கொடுத்து வேலைக்கு வைத்திருக்கிறார்கள். ஊருக்கு வந்து ஒரு வாரம் இதையே பேசிக்கொண்டிருந்தேன். என் மனைவி மாவுருண்டையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள்.

இரண்டாம் முறை காலாண்டு விடுமுறையில். பேரன் இப்போது 140-ஐத் தாண்டிவிட்டான். வீட்டு நிலைப்படியில் பென்சில் கோடு போட்டு அளந்துகொண்டுதான் புறப்பட்டோம். போனால் வாசலில் பலகை: "தற்காலிகமாக நிறுத்தப்பட்டுள்ளது. சற்று நேரத்தில் இயங்கும்." காலை பதினொரு மணி. வரிசையில் நிற்கலாமா என்று கேட்டேன். "நில்லுங்கள் சார், சற்று நேரத்தில் ஆகிவிடும்" என்றான் சீருடைப் பையன். பன்னிரண்டரைக்கும் அதே சற்று நேரம். ஒன்றே முக்காலுக்கும் அதே.

அந்த வரிசையில் கேட்ட பேச்சுதான் இந்த வண்டியைப் பற்றிய நேர்மையான விமர்சனம். கோயம்புத்தூரிலிருந்து வந்த கல்லூரிப் பையன்கள் நான்கு பேர் மூன்றாம் முறையாக வந்திருந்தார்கள். ஒருமுறைதான் ஏறியிருக்கிறார்கள். "ஓடினால் இதற்கு ஈடு எதுவும் கிடையாது சார்" என்று வண்டிக்காக வாதாடினார்கள், ஏதோ தங்கள் வீட்டுப் பிள்ளைக்குப் பேசுவது போல. ஒருவர் டிக்கெட் காசைத் திருப்பித் தரவேண்டும் என்று சத்தம் போட்டார். மற்ற ராட்டினங்கள் ஓடுகின்றனவே என்று அவருக்குப் பதில் கிடைத்தது. அறந்தாங்கியிலிருந்து இரண்டு பிள்ளைகளோடு வந்த அம்மா ஒருவர் கோபமே படாமல் சொன்னார்: "எங்கள் ஊரில் பஸ் வராது என்றால் வராது என்று சொல்லிவிடுகிறார்கள். நாங்கள் நடந்து போய்விடுவோம். இவர்கள் வரும் வரும் என்றே காலைக் கட்டிப்போட்டுவிட்டார்கள்." அதற்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை.

மூன்றரைக்கு வரிசையைக் கலைத்துவிட்டு, ஆளுக்கொரு சீட்டுக் கொடுத்தார்கள். இதைக் காட்டினால் வரிசையில் நிற்காமல் ஏறலாம். சீட்டின் அடியில் சிறிய எழுத்தில்: இன்று மட்டும் செல்லும். வண்டியோ இன்று ஓடாது. அந்தச் சீட்டு இன்னும் என் பர்ஸில் இருக்கிறது.

ஊர் திரும்பிய மறுநாள் கல்லலிலிருந்து ஒரு விவசாயி மோட்டாரைக் கொண்டுவந்து இறக்கினார். காயில் கருகியிருந்தது. "எப்போது ஆகும்?" என்றார். "இதோ, சாயங்காலத்துக்குள்" என்றேன். சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது. புதுக் காயில் சுற்றி, வார்னிஷ் ஊற்றி, அது காய ஓர் இரவு முழுதும் வேண்டும் என்பது எனக்குத் தெரியாதா? நாளை மறுநாள் என்றால் அடுத்த பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுவார் என்ற பயம். சாயங்காலம் அவர் வந்தார். மோட்டார் பல்பு வெளிச்சத்தில் காய்ந்துகொண்டிருந்தது. ஒன்றும் கேட்காமல் திண்ணையில் உட்கார்ந்தார். ரோலர் கோஸ்டர் பையன் மேல் இருந்த கோபம் அந்தத் திண்ணையைப் பார்த்துக் கொஞ்சம் இறங்கியது. முழுதும் இறங்கவில்லை. நான் வாசலில் பணம் வாங்கிக்கொண்டு ஆளை உள்ளே விடுவதில்லை.

நியாயமாகப் பேச வேண்டும் என்றால், வண்டி நிற்பது குற்றமில்லை. பாதையைத் துண்டு துண்டாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஒரு துண்டில் ஒரு வண்டிதான் இருக்கலாம். முன்வண்டி தன் துண்டை விட்டு வெளியேறியதை சென்சார் பார்த்துச் சொன்னால்தான் பின்வண்டிக்கு வழி விடும். ஒரு சென்சார் சந்தேகப்பட்டாலும் கணிப்பொறி எல்லாவற்றையும் நிறுத்திவிடும். புதுக் கட்டுமானம் அதிர்ந்து அதிர்ந்து இடம் பிடிக்கிற காலத்தில் இது அடிக்கடி நடக்கும். அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்தின் சீடர் பாயின்ட் பூங்காவில் 'டாப் திரில் 2' என்ற வண்டி 2024 மே மாதம் திறந்து, சில நாள்களிலேயே நிறுத்தப்பட்டு, அந்த ஆண்டு முழுவதும் திரும்ப ஓடவேயில்லை. பெட்டிகளையே திருத்த வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டுதான் மறுபடி ஓடியது. 1884-இல் நியூயார்க்கின் கோனி ஐலண்டில் லாமார்கஸ் தாம்சன் என்பவர் ஐந்து சென்ட் வாங்கிக்கொண்டு ஓட்டிய வண்டிக்கு இந்தத் தொல்லை இல்லை. மணிக்கு ஏறத்தாழ 10 கிலோமீட்டர் வேகம்தான். ஒரு முனைக்கு வந்ததும் சனங்கள் இறங்கிக்கொள்வார்கள், ஆட்கள் பெட்டியை மேட்டுக்குத் தள்ளி ஏற்றுவார்கள். நம் கொப்புடையம்மன் கோயில் திருவிழாவில் கையால் சுற்றிய மர ராட்டினம் மாதிரி. நின்றால் சுற்றுகிறவர் பீடி பற்ற வைக்கிறார் என்று அர்த்தம். எப்போது கிளம்பும் என்று எல்லாருக்கும் தெரியும்.

மூன்றாம் முறை அரையாண்டு விடுமுறையில். ஏறி உட்கார்ந்து, கம்பியும் இறுகி, பெண் ஒருத்தி இழுத்துப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திய பிறகு சிவப்பு விளக்கு எரிந்தது. எல்லாரையும் இறக்கிவிட்டார்கள். பேரன் அழவில்லை, அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. சாயங்காலம் ஐந்தரைக்கு மறுபடி ஓடியது. இருட்டத் தொடங்கிய நேரம், கடைசி வரிசை, பக்கத்தில் பேரன். இறங்கிய பிறகு ஒரு பத்து நிமிடம் அவன் பேசவில்லை. பஸ் ஏறுவதற்கு முன்னால் தேநீர்க் கடையில், "ஐயா, டக் டக் கேட்டேன்" என்றான். பத்து மாதச் செலவும் அந்த இடத்தில் எனக்குச் செரித்துவிட்டது.

நான்காம் முறை இந்தப் பிப்ரவரியில். மேட்டில் முக்கால் பங்கு ஏறியதும் சங்கிலி நின்றது. வண்டி ஒரு விரற்கடை பின்னால் சரிந்து, டக் என்று கொக்கியில் உட்கார்ந்தது. முன்னால் பெண்கள் அலறினார்கள். நானும் பேரனும் அந்த ஒரு டக்கைக் கேட்டதும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். கீழே தென்னந்தோப்பு, அதற்கு அப்பால் பாதி வற்றிய ஏரி, வெயிலில் மினுங்குகிற கார்கள். இருபது நிமிடம் கழித்துப் பக்கவாட்டுப் படியில் ஆட்கள் ஏறிவந்து, ஒவ்வொரு வரிசையாகக் கம்பியைத் திறந்து இறக்கினார்கள். படியில் நிற்கும்போது சங்கிலி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. கணு ஒவ்வொன்றும் என் மணிக்கட்டுப் பருமன். புதுக் கிரீஸ், தேன் நிறம். யாரும் பார்க்காதபோது விரலால் தொட்டுப் பார்த்தேன். அந்தக் கறை சட்டையில் இன்னும் போகவில்லை. உண்மையைச் சொன்னால், நான்கு முறையில் எனக்கு மிகவும் பிடித்தது இந்த ஓடாத முறைதான்.

என்ன ஆயிற்று என்று சீருடைப் பையனிடம் கேட்டேன். "சற்று நேரத்தில் சரியாகிவிடும் சார்." அவனுக்குப் பின்னால் கருவிப் பெட்டியோடு ஏறிவந்த நடுவயதுக்காரர் நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார்: "உச்சியில் ஒரு சென்சார் வண்டியைப் பார்க்கவில்லை. மாற்ற வேண்டும். இன்றைக்கு ஓடாது." முழுதாக மூன்று வரிகூட இல்லை. அதைக் கேட்டதும் நாங்கள் நிம்மதியாக இறங்கி, தண்ணீர்ச் சறுக்கலுக்குப் போய் மாலை வரை இருந்தோம். இந்த மனிதரைக் கீழே பலகை எழுத வைத்திருந்தால் அறந்தாங்கி அம்மாவும் பிள்ளைகளும் செப்டம்பரில் அரை நாளை வரிசையில் தொலைத்திருக்க மாட்டார்கள். கீழே வந்தபோது பலகையில் "சற்று நேரத்தில்" என்றுதான் இருந்தது. புதிதாக நாற்பது பேர் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். எனக்குத் தெரிந்ததை அவர்களிடம் சொன்னேன். பாதிப்பேர் என்னை நம்பவில்லை.

ஆகவே மைத்துனருக்கு என் பதில்: வேண்டாம். விலை குறைந்தாலும் வேண்டாம். பதினொரு பேரை வேன் பேசி அழைத்துப் போய் ஒரு பலகைக்கு முன்னால் நிறுத்தி வைக்க அது என்ன கோயிலா? இரண்டு ஆண்டு கழியட்டும், வண்டி பழகட்டும், அவர்களும் பேசப் பழகட்டும்.

கேட்காமல் போவதாக இருந்தால், செவ்வாய் அல்லது புதன்கிழமை போங்கள். காலையில் வண்டி காலியாக ஓடுகிறதா என்று வெளியே நின்று பாருங்கள். மூன்று சுற்றுக் காலியாக விட்டுப் பார்த்த பிறகுதான் ஆளை ஏற்றுகிறார்கள். இரண்டாவது சுற்றிலேயே போய் வரிசையில் நின்றுவிடுங்கள். பலகையைப் பார்க்காதீர்கள், கருவிப் பெட்டி வைத்திருப்பவரைத் தேடிப் பிடித்துக் கேளுங்கள். கடைசி வரிசையைக் கேட்டு வாங்குங்கள், எனக்கும் சேர்த்து ஓர் இடம். மாவுருண்டையைப் பஸ்ஸிலேயே தின்று முடித்துவிடலாம்.