டொரன்ட் வலையில் புதிதாகச் சேரும் நோடு: கோபியில் சில வருட அனுபவம்

கோபிச்செட்டிபாளையத்தில் எங்கள் வீட்டு மாடியில் ஒரு பழைய லேப்டாப் ஓடிக்கொண்டே இருக்கும். அதில் கியூபிட்டொரன்ட் என்ற டொரன்ட் மென்பொருளைப் போட்டு, டெபியன், உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளங்களின் ஐஎஸ்ஓ (நிறுவல்) கோப்புகளைச் சில வருடங்களாக சீட் செய்கிறேன், அதாவது மற்றவர்கள் இறக்கிக்கொள்ளப் பகிர்ந்து வைக்கிறேன். வேகத்தைவிட, புதிதாக வரும் நோடை (வலையில் சேரும் ஒரு கணினியை), கணினிகள் தங்களுக்குள் நேரடியாகக் கோப்பு பகிரும் இந்த வலை எப்படி நடத்துகிறது என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம்.

மென்பொருளை முதன்முதலில் திறக்கும்போது நம் நோடுக்கு யாரையும் தெரியாது. மென்பொருளிலேயே எழுதி வைத்திருக்கும் ஒரு தொடக்க நோடைக் கேட்கும். தனக்கென 160 பிட் எண் ஒன்றை வைத்துக்கொண்டு, அந்த எண்ணுக்கு அருகில் யார் யார் என்று ஒவ்வொருவராக விசாரித்துப் போகும். கொஞ்ச நேரத்திலேயே கீழ்ப்பட்டையில் டிஎச்டி (எந்தக் கோப்பு யாரிடம் என்ற பட்டியலை நோடுகளே பிரித்து வைத்துக்கொள்ளும் முறை) கணக்கு சில நூறு நோடுகளைக் காட்டும்.

ஆனால் நமக்கு அவர்களைத் தெரிவது வேறு, அவர்கள் நம்மை நினைவில் வைப்பது வேறு. ஒவ்வொரு நோடின் பட்டியலும் சிறு சிறு பிரிவுகளாக இருக்கும். ஒரு பிரிவில் 8 பேருக்குத்தான் இடம். எட்டுப் பேரும் நன்றாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தால் புதியவருக்கு இடமில்லை. 15 நிமிடம் சத்தமில்லாமல் இருப்பவரைக் கூப்பிட்டுப் பார்த்து, பதில் வராவிட்டால்தான் இடம் காலியாகும். 2002-ல் மேமௌன்கோவ், மசியெரஸ் என்ற கணினி ஆய்வாளர்கள் வடிவமைத்த கடெம்லியா என்ற டிஎச்டி முறையின் வழி இது. வெகுநேரம் நின்ற நோடு இன்னும் நிற்கும் என்பது அவர்கள் கணக்கு. எனக்கு இது மிகவும் நியாயமாகப் படுகிறது. போலி நோடுகளைக் கொண்டுவந்து கொட்டி, பழையவர்களை எளிதில் விரட்டிவிட முடியாது பாருங்கள்.

கோப்பு வாங்கும் இடத்தில் வலை இன்னும் இளகிய மனசு. கொடுத்தவருக்குத்தான் கொடுப்பது என்பது விதி. புதியவரிடமோ கொடுக்க ஒன்றும் இருக்காது. அதனால் 30 வினாடிக்கு ஒருமுறை, கணக்குப் பார்க்காமல் ஒருவருக்குத் திறந்துவிடுவார்கள். அந்த வாய்ப்பு புதியவருக்கு மூன்று மடங்கு அதிகம்.

சரி, நம்ம ஊர் சிக்கலுக்கு வருகிறேன். கேபிள்காரர் கொடுத்த ஃபைபரில் பொது ஐபி (வெளி இணையத்திலிருந்து நேரே அடையக்கூடிய முகவரி) கிடையாது, ரவுட்டரில் 100.64 என்று தொடங்கும் முகவரிதான் இருந்தது. நாம் வெளியே போகலாம், வெளியிலிருந்து யாரும் நம்மைத் தேடி வர முடியாது. கேட்டால், "பப்ளிக் ஐபிங்களா? அதுக்குத் தனியாக் காசு ஆகுமுங்கண்ணா" என்றார் அந்தக் கேபிள்காரத் தம்பி. ஐபிவி6 (கருவிகளுக்குத் தனித்தனிப் பொது முகவரி தரும் புதிய முறை) இருக்கிற இணைப்புக்கு மாறி, டொரன்ட் மென்பொருள் பயன்படுத்தும் போர்ட்டை (இணைப்பு வாசலை) ரவுட்டரில் திறந்த பிறகுதான் வெளியாட்கள் தாமாக வந்து இணைந்தார்கள். சீட் செய்ய நினைப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

அடுத்தது கரண்டு. மாதாந்திரப் பராமரிப்புக்குப் பகல் முழுக்க நிறுத்தும்போது லேப்டாப் பேட்டரி தாங்காது. அன்று மற்றவர்கள் பட்டியலிலிருந்து நாம் நழுவிவிடுவோம். திரும்ப வரும்போது பழைய முகவரிகள் சேமிப்பில் இருப்பதால் சேர்வது சுலபம். இழந்த இடங்களைப் பிடிக்கத்தான் நேரமாகும். அப்புறம், மலிவான ரவுட்டர் என்றால் கியூபிட்டொரன்டில் மொத்த இணைப்பு வரம்பை 500-லிருந்து 200-க்குக் குறைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் வீட்டில் மற்றவர்களுக்கு நெட் திணறும்.